நாத்தனாருக்கு ஈடாகப் பரிசு கொடுக்க வேண்டுமா?

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு மார்த்தாண்டத்தில் மாமியார் வீட்டில் கூடுவோம். பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் ஆறு பேர். துபாயிலிருந்து வரும் மூத்த நாத்தனார் எல்லாருக்கும் விலை உயர்ந்த பரிசு கொடுப்பார். அதற்கு ஈடு செய்யப்போய், போன டிசம்பரில் என் வளையலை அடகு வைத்தோம். இந்த வருடம் 5,000 ரூபாய்க்கு மேல் முடியாது. என்ன செய்வது?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் அடகுச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். நகைக் கடனுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான் தவணை. பண்டிகை அமளியில் அது தப்பிவிடக் கூடாது.

கல்யாண மொய் மாதிரி கணக்குப் பார்த்துத் திருப்பிச் செய்கிற கட்டாயம் கிறிஸ்துமஸ் பரிசுக்குக் கிடையாது. நாத்தனாரும் அப்படி எதிர்பார்ப்பதாக நீங்கள் எழுதவில்லையே! அவருக்கு இப்போதே போன் போடுங்கள். “அக்கா, இந்த வருஷம் பெரியவங்க எல்லாரும் சீட்டுக் குலுக்கி, பேர் வந்தவங்களுக்கு மட்டும் கொடுப்போமா? 500 ரூபாய்க்குள்ள இருக்கட்டும்” என்று கேளுங்கள். கடன் கதையெல்லாம் சொல்ல வேண்டாம். அவர் டிக்கெட் போட்டு, பெட்டி கட்டுவதற்கு முன்னால் பேசுவது முக்கியம். வாங்கி வைத்த பிறகு சொன்னால் யாருக்கும் மனசு கோணத்தான் செய்யும்.

மாமனார், மாமியாரைக் குலுக்கலில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு வேட்டி, சேலைக்கு 1,500. உங்கள் இருவர் சீட்டுக்கு 1,000. பிள்ளைகளுக்குத் தலைக்கு 300 என்றால் 1,800. அதில் ஆளுக்கொரு விளையாட்டுப் பொருளும், நேஷனல் புக் டிரஸ்ட் சிறுவர் புத்தகம் ஒன்றும் வாங்கலாம். படம் நிறைந்த புத்தகங்கள், விலையும் குறைவு.

மீதி 700 ரூபாய்க்கு முந்திரிக்கொத்து சுடுங்கள். உங்கள் ஊர்க்காரருக்கு நான் பக்குவம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும், சிறுபயறு வாசம் வரும்வரை வறுபடட்டும், தேங்காயையும் ஈரம் போக வறுத்துச் சேருங்கள். அப்போதுதான் நாலு நாள் தாங்கும். நாத்தனார் ஊருக்குத் திரும்பும்போது ஒரு டப்பா நிறையக் கொடுத்து விடுங்கள். துபாயில் காசு கொடுத்தாலும் வீட்டுப் பக்குவம் கிடைக்காது.

அப்புறம், அடுத்த வருடத்துக்கு வங்கியில் மாதம் 400 ரூபாய் கட்டுகிற ஒரு வருட ஆர்.டி. போடுங்கள். நவம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும். ஜனவரியில் தொடங்கினால் பணம் கைக்கு வரும்போது கேக்கே தீர்ந்திருக்கும். அஞ்சலக ஆர்.டி. இதற்கு ஒத்துவராது, அது ஐந்து வருடத் திட்டம்.