சட்டம் கேளுங்கள்: இரவில் திருடன் வந்தால்…

கேள்வி: நள்ளிரவில் கொல்லைக் கதவை உடைத்துத் திருடன் உள்ளே வந்துவிட்டான். கையில் கிடைத்த உலக்கையால் அடித்ததில் அவன் செத்துப்போனால் என் மேல் கொலை வழக்கு வருமா?
(வாசகர், விருத்தாசலம்)

பதில்: வழக்குப் பதிவாவதைத் தடுக்க முடியாது. ஓர் உயிர் போயிருக்கிறது, போலீஸ் விசாரித்தே ஆகவேண்டும். தண்டனை உண்டா என்பதுதான் விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. பழைய ஐ.பி.சி.யில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. சாரம் பெரிதாக மாறவில்லை.

சொத்தைக் காக்க உயிரையே பறிக்கும் அளவுக்குப் போகலாம் என 41ஆம் பிரிவு சொல்லும் சூழல்களில் ஒன்று, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடக்கும் 'வீடு உடைப்பு'. கவனிக்க: பூட்டைத் திறப்பதும், தாழிட்ட கதவை நெம்புவதும், ஜன்னல் வழியே நுழைவதும் வீடு உடைப்புதான். கிரில் வழியே கை மட்டும் உள்ளே வந்தாலும் நுழைந்ததாகவே கணக்கு. ஆனால் காற்றுக்காக நீங்களே திறந்து வைத்த வாசல் வழியே அவன் சாதாரணமாக நடந்து வந்திருந்தால் அது வீடு உடைப்பு ஆகாது. அப்போது உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்று நியாயமாக அஞ்சினீர்கள் எனக் காட்டவேண்டி வரும்.

இதற்கெல்லாம் மேலே 37ஆம் பிரிவு நிற்கிறது: தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு கூடாது. அந்தப் பதற்றத்தில் அடியைப் பொன் தராசில் நிறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010 தர்ஷன் சிங் வழக்கில் ஏற்றிருக்கிறது. அதற்காக, விழுந்து கிடப்பவன் மண்டையில் நாலாவது ஐந்தாவது அடியும் தற்காப்பு என்று சாதிக்க முடியாது. நல்லெண்ணத்தில், தேவைக்கு மேல் கேடு செய்யும் எண்ணமில்லாமல் எல்லை மீறினால், 101ஆம் பிரிவின் விதிவிலக்கின்படி குற்றம் கொலையிலிருந்து கீழே இறங்கும்; விடுதலை ஆகாது.

நடைமுறையில்: 112க்கு உடனே அழையுங்கள். உடைந்த தாழ்ப்பாளையும் உலக்கையையும் தொடாதீர்கள், தரையைக் கழுவாதீர்கள். தற்காப்பு என்பதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று நீதிபதி நம்பும் அளவு போதும். அந்தத் தாழ்ப்பாள்தான் உங்கள் முதல் சாட்சி.

கேள்வி: பையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனைத் துரத்தி அடிக்கலாமா?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: துரத்தலாம், பிடித்துப் பையைப் பறிக்கலாம், திமிறினால் அதற்கேற்ற பலத்தைக் காட்டலாம். பொருள் கைக்கு வந்ததும், அல்லது அவன் தப்பிப் போய்விட்டதும், அந்த உரிமை முடிந்தது. மறுநாள் சந்தையில் பார்த்து உதைத்தால் நீங்கள்தான் குற்றவாளி. ஓடும் சாதாரணத் திருடனைக் கொல்ல எந்தப் பிரிவும் இடம் தரவில்லை.

கேள்வி: சுற்றுச்சுவர் மேல் கரன்ட் கம்பி கட்டலாமா? 'அபாயம்' என்று போர்டு வைத்தால் போதாதா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: வீட்டு லைனிலிருந்து கம்பி இழுக்கவே கூடாது. பீகாரில் ஒருவர் தன் கழிப்பறைக்குப் பிறர் வராமலிருக்க உறையில்லாத மின்கம்பி போட்டார். அண்டை வீட்டுப் பெண் அதைத் தொட்டு இறந்தார். அத்துமீறி நுழைந்தவர்தானே என்ற வாதத்தை 1963இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டு, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை உறுதிசெய்தது. தற்காப்பு உரிமை ஆபத்து பற்றிய நியாயமான அச்சம் பிறக்கும்போதுதான் பிறக்கிறது. கம்பிக்குத் திருடனும் தெரியாது, பந்து எடுக்க ஏறும் பையனும் தெரியாது. போர்டால் இது மாறாது.

கேள்வி: பிடித்த திருடனைத் தூணில் கட்டி வைக்கலாமா?
(வாசகர், பரமக்குடி)

பதில்: உங்கள் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரன்டின்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் செய்தவனை நீங்களே பிடிக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. தாமதிக்காமல், எப்படியும் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். ஓடாமல் தடுக்கும் அளவுக்குக் கட்டலாம். கட்டிய பிறகு ஊரே கூடி அடிப்பது தனிக் குற்றம்; அதற்கு வழக்கு உங்கள் மேல்தான்.