"பிளாஸ்டிக் பொறுக்கவா படிக்க வைத்தோம்?" என்று கேட்ட அம்மாவுக்கு

அம்மா, போன கிழமை நீங்கள் மகளோடு என்னிடம் ஆலோசனைக்கு வந்தபோது நேரம் போதவில்லை. மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி காணாது, உயர்தரப் பரீட்சையை மூன்றாம் தடவை எடுக்கவும் அவளுக்கு மனமில்லை. அன்டிபயோட்டிக், நுண் பிளாஸ்டிக் பற்றிப் படிக்க ஆசை என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள், நீங்கள் இந்தக் கேள்வியால் இடையில் மறித்துவிட்டீர்கள். உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் அவள் சொல்ல வந்தது வெறும் விளையாட்டில்லை.

நாம் விழுங்கும் அன்டிபயோட்டிக்கில் ஒரு பங்கு மாறாமலே சிறுநீரோடு வெளியேறி ஆறு குளங்களில் சேர்கிறது. அதே தண்ணீரில் 5 மில்லிமீற்றருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகள், அதாவது நுண் பிளாஸ்டிக், கிடக்கின்றன. மருந்து அவற்றின் மேல் ஒட்டிக்கொள்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து வகைப் பிளாஸ்டிக்கை ஐந்து அன்டிபயோட்டிக் மருந்துகளோடு சோதித்தார்கள். நன்னீரில் ஆகக் கூடுதலாகப் பிடித்தது பொலிஅமைட், அதாவது நைலோன். அதிலுள்ள நுண்துளைகளும், மருந்தோடு அது போடும் ஐதரசன் பிணைப்பும் (மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் ஒரு வகை ஈர்ப்பு)தான் காரணம். உங்கள் வீட்டுக்காரரின் மீன் வலையும் நைலோன்தானே! கடல்நீரில் கதையே வேறு: ஒட்டுவது நன்றாகக் குறைந்தது, அந்த ஐந்தில் சிப்ரோபுளொக்சசினும் அமொக்சிசிலினும் ஒட்டவே இல்லை.

மகள் பிடித்தது இந்த இடத்தைத்தான். மகாவலி ஆறு திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் உப்புத் தண்ணீரைத் தொடும்போது, துணுக்கில் ஒட்டியிருக்கும் மருந்து கழன்றுவிடுமா என்று நீங்கள் மறிப்பதற்கு முன் கேட்டாள். உயர்தரம் எழுதிய பிள்ளை ஒன்று இப்படிக் கேட்டதை நான் அதிகம் கண்டதில்லை.

சரி, இப்போது அவளுக்கும் ஒரு வார்த்தை. சுற்றாடல் மேல் ஆசை இருந்தால் மட்டும் போதாது, இது முழுக்க இரசாயனவியல். அளவு தெரிந்த மருந்துக் கரைசலில் துணுக்குகளைப் போட்டு மணிக்கணக்காகக் குலுக்கி, மிஞ்சிய மருந்தைக் கருவியில் அளக்க வேண்டும். குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் ஒட்டியது என்று எடுத்துவிட முடியாது. டெட்ராசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் வெளிச்சம் பட்டாலே சிதையும். அதனால் பிளாஸ்டிக் போடாத ஒரு போத்தலையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். ஒரே வேலையை நூறு தடவை செய்யும் பொறுமை இருக்கிறதா? பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில், கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் நியமிப்புப் பரிசோதனை செய்தபோது அலுப்படித்ததா என்று அவளையே கேளுங்கள். அலுத்திருந்தால் இந்தப் பக்கம் வேண்டாம்.

அலுக்கவில்லையென்றால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியல் படிக்கலாம், வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இரசாயனவியலுக்கே முதலிடம் கொடுப்பேன். நீர் வழங்கல் சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை போன்ற இடங்களில் வெற்றிடம் எப்போதாவதுதான் வரும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் தண்ணீரில் மருந்தை அளக்கப் பழகிய கை, மருந்துக் கம்பனியிலும் உணவுச் சோதனைக் கூடத்திலும் அதே கருவியைத்தான் தொடப் போகிறது. கந்தளாயிலிருந்து நமக்கு வரும் குழாய்த் தண்ணீரையும் யாரோ ஒருவர் இப்படிப் படித்துவிட்டு வந்துதான் சோதிக்கிறார்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் பெறுபேற்றுத் தாளோடு இன்னொரு முறை வாருங்கள், தெரிவுகளின் வரிசையை மூவருமாக இருந்து எழுதுவோம். இந்த முறை அவள் பேசி முடிக்கும்வரை நாம் இரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது.