கையால் ஓட்டும் உலோக வேலை மெஷின்: எந்த எச்எஸ் எண்? (கேள்வி பதில்)

முதலிலேயே ஒரு விஷயம். எச்எஸ் என்பது சுங்கத்துக்காகச் சரக்குகளை வகைப்படுத்தும் உலகப் பொது எண்முறை: முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் துணைத்தலைப்பு. இங்கே நான் சொல்வது முதல் ஆறு இலக்கம் மட்டும், 2022 பதிப்புப்படி. அதற்கு மேல் வரும் இலக்கங்களும் தீர்வை விகிதமும் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் நாட்டு அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெஞ்சில் மாட்டிக் கையால் சுற்றும் டிரில்லிங் மெஷின் வருகிறது. மோட்டார் கிடையாது. "ஹேண்ட் டிரில்" என்று 8205-இல் (கைக்கருவிகள்) போடச் சொல்கிறார் ஏஜென்ட். போடலாமா சார்?

பதில்: கூடாது. மோட்டார் உண்டா இல்லையா என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. உலோக வேலை மெஷின்களுக்கான தலைப்புகளில் கையாலோ காலாலோ ஓட்டும் மெஷின்களும் அடங்கும் என்று எச்எஸ் விளக்கக் குறிப்பே சொல்கிறது.

மெஷினின் அடிப்பாகத்தைப் பாருங்கள். தரை, பெஞ்ச், சுவர், இன்னொரு மெஷின் இவற்றில் எதிலாவது பொருத்தி ஓட்டவென்றே செய்ததா? அடித்தட்டு, ஸ்டாண்டு, சட்டம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் 84-ஆம் அத்தியாயம், அதாவது மெஷின். நெஞ்சில் முட்டுக் கொடுத்து, ஆளே தாங்கிப் பிடித்து ஓட்டும் டிரில் 8205.10. அதற்குள் பல்சக்கரம் இருந்தாலும் அங்கேதான். அதே பல்சக்கரமும் கைப்பிடியும் ஒரு தூணில் ஏறி, கீழே வார்ப்பிரும்பு அடித்தட்டோடு வந்தால் 8459.29. நீங்கள் அனுப்பிய படத்தில் அடித்தட்டில் போல்ட் போட நீள ஓட்டைகள் தெரிகின்றன, மேலே ஊட்டச் சக்கரமும் (டிரில்லைக் கீழே இறக்குவது) இருக்கிறது. இது 8459.29-தான்.

கேட்டலாக்கில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்க்காதீர்கள். அடியைப் பாருங்கள். இன்று இதை இன்னும் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: தகரம் வெட்டும் கத்தரியும், நெம்புகோல் வைத்த பெஞ்ச் ஷியரும் ஒரே இன்வாய்ஸில் இருக்கின்றன. ஒரே எண் போதுமா?

பதில்: போதாது. கையில் பிடித்து வெட்டும் கத்தரி 8203. அடித்தட்டோடு வரும் ஷியர் 8462.39. இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டுங்கள்.

கேள்வி: எத்தனை கிலோவுக்கு மேல் போனால் 84-ஆம் அத்தியாயம்?

பதில்: அப்படி ஒரு கிலோ வரம்பே கிடையாது. 10 கிலோ என்று எங்கோ படித்திருப்பீர்கள். அது 8210, சமையலறையில் கையால் ஓட்டும் சாதனங்களுக்கானது. எடையோ, அளவோ, போட வேண்டிய விசையோ அதிகம் என்பதால் அடித்தட்டு வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. எடை ஒரு காரணமாக இருக்கலாம், அளவுகோல் ஆகாது.

கேள்வி: காலால் மிதிக்கும் சாணை, இரும்புச் சட்டத்தோடு. உங்கள் "அடியைப் பார்" விதிப்படி 8460தானே?

பதில்: எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. கையாலோ காலாலோ ஓட்டும், சட்டத்தோடு கூடிய சாணைக்கல்லை 8205 பெயர் சொல்லியே எடுத்துக்கொண்டுவிட்டது. தலைப்பு வாசகத்திலேயே பெயர் இருக்கும்போது இரும்புச் சட்டத்தைக் காட்டி வாதாட முடியாது. துணைத்தலைப்பு 8205.90. பழைய கோப்புகளில் 8205.80 என்று பார்த்திருப்பீர்கள். 2012 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். மோட்டார் வைத்த சாணை என்றால் 8460. சட்டமே இல்லாமல் கல் மட்டும் வந்தால் 6804. பெஞ்ச் வைஸும் எடுத்துச்செல்லும் உலைக்களமும் இதே மாதிரி விதிவிலக்குகள், 8205-ஐ விட்டு நகராது.

கேள்வி: அப்படியானால் மில்லிங் மெஷின் மேசையில் பூட்டும் வைஸும் 8205.70தானே?

பதில்: இல்லை. அது மெஷினின் துணைக்கருவி, 8466.20. 8205 வாசகத்திலேயே மெஷின் டூலின் துணைக்கருவியான வைஸை ஒதுக்கியிருக்கிறார்கள். இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கையில் பிடிக்கும் டிரில்லின் சக் (பிட்டைக் கவ்வும் பாகம்) தனியாக வந்தால் அதுவும் 8466.10. கைக்கருவியின் பாகம்தானே என்று 8205-க்குத் தள்ளாதீர்கள்.

கேள்வி: நகைப் பட்டறைக்குக் கையால் சுற்றும் தகடு உருட்டும் மெஷினும், மூன்று உருளை வைத்துத் தகட்டை வளைக்கும் மெஷினும் வாங்குகிறோம். இரண்டுமே "ரோலிங்" என்றுதான் பில்லில் இருக்கிறது.

பதில்: பில்லை விடுங்கள், தகடு உள்ளே போய் எப்படி வெளியே வருகிறது என்று பாருங்கள். இரண்டு உருளைக்கு நடுவே நசுங்கி, கனம் குறைந்து, நீளம் கூடி வந்தால் அது உருட்டாலை. 8455, சூடாக்காமல் உருட்டுவதால் 8455.22. மூன்று உருளையில் கனம் மாறாமல் வளைந்து மட்டும் வந்தால் வளைக்கும் மெஷின், 8462. அந்தத் தலைப்பு உருட்டாலையை வெளிப்படையாக விலக்குகிறது. கம்பி இழுக்கும் பெஞ்சும் வாங்கினால் அது 8463.10. கம்பி இழுக்கும் துளைத் தட்டு மட்டும் தனியாக வந்தால் 8207.20.

கேள்வி: ஷியர் (வெட்டு), பெண்டிங் (வளைப்பு), ரோல் (உருளையால் வளைப்பது) மூன்றும் ஒரே சட்டத்தில் உள்ள மெஷின்?

பதில்: தலைப்பு 8462, அதில் சிக்கல் இல்லை. துணைத்தலைப்புக்கு முதன்மை வேலை எது என்று பார்க்க வேண்டும் (16-ஆம் பிரிவின் 3-ஆம் குறிப்பு). எது முதன்மை என்று சொல்ல முடியாவிட்டால் பொது விதி 3(சி): போட்டியில் உள்ளவற்றில் எண்வரிசையில் கடைசியாக வருவது. வளைப்புக்கு 8462.29, வெட்டுக்கு 8462.39, ஆகவே 8462.39.

கேள்வி: 25 கிலோ இருக்கிறது, இன்னும் கைக்கருவியா?

பதில்: மேலே எடைக் கேள்விக்குச் சொன்ன பதில்.

கேள்வி: பேரிங் இறக்கும் ஆர்பர் பிரஸ், பல்சட்டமும் கைநெம்புகோலும் உள்ளது. பிரஸ் என்றால் 8462தானே?

பதில்: பிரஸ் என்ற பெயர் மட்டும் போதாது. 8462 கேட்பது உலோகத்தை வேலை செய்யும் பிரஸ். பேரிங்கை அதன் இருக்கையில் இறக்குவது பொருத்தும் வேலை, உலோகத்துக்கு அங்கே புது வடிவம் வரவில்லை. கேட்டலாக் முழுக்கப் பேரிங், புஷ் இறக்குவதைப் பற்றியே பேசினால் என் கணிப்பு 8479.89 (வேறு தலைப்பில் அடங்காத மெஷின்கள்).

மறுப்பு: ஐயா, 8462-இன் கடைசிப் பகுதி "மேலே குறிப்பிடப்படாத பிரஸ்கள்" என்கிறதே. எல்லாப் பிரஸும் அதில் அடங்கிவிடும். தவிர, இறுக்கமாக இறக்கும்போது உலோகம் மைக்ரான் அளவில் நசுங்கத்தான் செய்கிறது.

பதில்: வாசகத்தைப் பாதியில் வெட்டாதீர்கள். "உலோகத்தை அல்லது உலோகக் கார்பைடை வேலை செய்யும் பிரஸ்கள், மேலே குறிப்பிடப்படாதவை" என்பதுதான் முழுசு. மைக்ரான் நசுங்கல் பக்கவிளைவு, மெஷினின் நோக்கம் அதுவல்ல. உங்கள் கணக்குப்படி போல்டை முறுக்கும் ஸ்பேனரும் உலோக வேலை மெஷினாகிவிடும்.

மறுப்பு: அதே பிரஸில் டை (அச்சு) மாட்டித் துளையும் போடுகிறார்கள், வளைக்கவும் செய்கிறார்களே?

பதில்: இது நல்ல கேள்வி. டை செட்டோடு விற்று, துளையிடுதல், வளைத்தல் என்று தயாரிப்பாளரே பட்டியலிட்டிருந்தால் 8462 பக்கம் நானும் வந்துவிடுவேன். வாங்கியவர் தானாக டை செய்து மாட்டுவதைக் கணக்கில் எடுக்க முடியாது. முதன்மை நோக்கம் எது என்று சொல்லவே முடியாத மெஷினுக்கு, 84-ஆம் அத்தியாயக் குறிப்பு காட்டும் வழியும் 8479-தான். இரு பக்கமும் வாதம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய சரக்கென்றால் படம், கேட்டலாக், டை பட்டியல் மூன்றையும் வைத்துச் சுங்கத்துறையிடம் முன்கூட்டியே தீர்ப்பு கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பேட்டரி டிரில்லோடு ஒரு ஸ்டாண்டும் வருகிறது. அடியைப் பார்த்தேன், ஸ்டாண்டு இருக்கிறது. 8459?

பதில்: நான் சொன்னதைக் கேட்டதற்கு நன்றி, ஆனால் இது வேறு. தன் மோட்டாரோடு கையில் பிடித்து ஓட்டவென்றே செய்த கருவி, தற்காலிகமாக ஸ்டாண்டில் ஏறினாலும் 8467.21-தான். சேர்ந்து வரும் ஸ்டாண்டும் அதோடு போகும்.

கேள்வி: மிதிலேத், மர வேலைக்கு.

பதில்: 8465. உலோகத்துக்கான மிதிலேத் என்றால் 8458.

கேள்வி: பட்டடைக்கல் 60 கிலோ. இவ்வளவு எடைக்கு 84-ஆம் அத்தியாயம்தானே?

பதில்: 8205.90. எடையைப் பற்றி இனி பதில் சொல்வதாக இல்லை.