துப்பாக்கியைவிட மேல்தானே? – கடிதமும் பதிலும்

வணக்கம். போலீசாருக்கு டேசர் என்ற மின்னதிர்ச்சிக் கருவி கொடுப்பதை எதிர்த்து எங்கள் குடியிருப்பாளர் சங்கம் மகஜர் தயாரிக்கிறது. “துப்பாக்கியால் சுடுவதைவிட இது மேல்தானே?” என்று எங்கள் இளைஞர்களே கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது, மகஜரில் எதைக் கேட்பது?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள வாசகருக்கு,

கேள்வி நியாயமானது. துப்பாக்கி எடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் டேசர் எடுக்கப்பட்டால் நானும் எதிர்க்க மாட்டேன். ஆனால் பல சமயம் அது வருவது பேச்சுக்குப் பதிலாக. 2007 அக்டோபரில் வான்கூவர் விமான நிலையத்தில் ராபர்ட் ஜெகான்ஸ்கி என்ற போலந்துக்காரர் இறந்தார். ஆங்கிலம் தெரியாமல் மணிக்கணக்கில் தவித்தவர். கையில் ஒரு ஸ்டேப்ளர். நான்கு போலீசார் வந்த சற்று நேரத்தில் டேசர் பாய்ந்தது. ஐந்து முறை விசையை அழுத்தினார்கள். அது நியாயமற்றது என்று பின்னர் விசாரணை ஆணையம் சொன்னது.

கருவி எப்படித் தவறுகிறது என்பதையும் இளைஞர்களுக்குக் காட்டுங்கள். அன்று பயன்பட்ட எக்ஸ்26 வகையில் நைட்ரஜன் வாயு இரண்டு முட்களைத் தள்ளும், பின்னால் மெல்லிய கம்பி. இரண்டும் உடம்பில் பட்டால்தான் மின்சுற்று முழுமையாகும், தசை இறுகி ஆள் விழுவார். ஓர் அழுத்தத்துக்கு 5 வினாடி, வினாடிக்குச் சுமார் 19 துடிப்பு. 2 மீட்டர் தூரத்தில் முட்களுக்கு நடுவே ஓர் அடிதான் இடைவெளி விழும். அதைவிடக் கிட்டே போகப் போகத் தசை சரியாக இறுகாமல் வலி மட்டும் மிஞ்சலாம். தடித்த ஜாக்கெட்டில் ஒரு முள் தொங்கினால் அதுவும் இல்லை. ஆள் விழவில்லையே என்று திரும்பத் திரும்ப அழுத்துவது இங்கேதான் தொடங்குகிறது. மொத்தம் 15 வினாடிக்கு மேல் போனால் உயிராபத்து கூடலாம் என்று 2011-இல் அமெரிக்கப் போலீஸ் வழிகாட்டியே எச்சரித்தது.

சரியாக வேலை செய்தாலும் சிக்கல்தான். இறுகிப்போனவரால் விழும்போது கையூன்ற முடியாது. அடுக்குமாடிப் படிக்கட்டில் தலைதான் முதலில் மோதும். பெட்ரோல் சிந்திய இடத்தில் பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறொன்று. முட்களை எய்யாமல் கருவியை உடம்பில் வைத்தே அழுத்தலாம். அது ஆளை முடக்காது, வலிக்க மட்டும் செய்யும். லோக்காப்பில் அதற்கு என்ன வேலை? மகஜரின் முதல் வரியே இதற்குத் தடை கேட்கட்டும்.

அடுத்து, விதிமுறை. அதை ஐ.ஜி.பி.யின், அதாவது நாட்டின் போலீஸ் தலைவரின், நிலையாணை என்ற உள் உத்தரவுக்குள் வைத்துவிட்டால் நாம் படிக்க முடியாது. 1967 காவல்துறைச் சட்டத்தின் 96, 97ஆம் பிரிவுகளின்கீழ் வரும் அந்த ஆணைகள் சொல்லும் செயல்களை, 2023 ஜூலையில் இயங்கத் தொடங்கிய ஐ.பி.சி.சி. என்ற சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் தவறான நடத்தை என்று விசாரிக்கவும் முடியாது. ஆகவே விதி வெளிப்படையாக அச்சில் வரவேண்டும் என்று கேளுங்கள். கைவிலங்கு மாட்டியவர்மேல் கூடாது, கர்ப்பிணிமேல் கூடாது, மார்பைக் குறிவைக்கக் கூடாது, பட்டவரை உடனே டாக்டர் பார்க்க வேண்டும் என்று பச்சையாகவே எழுதுங்கள்.

ஒவ்வொரு அழுத்தத்தின் நேரமும் நீளமும் கருவியில் பதிவாகும். அந்தப் பதிவு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் எக்ஸ்26 பதிவு அழுத்தியதைத்தான் சொல்லும், மின்சாரம் உடம்பில் பாய்ந்ததா என்று சொல்லாது. அதனால் உடல் கேமரா காட்சியையும் சேர்த்துக் கேளுங்கள்.

மகஜரைப் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தில் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஒரு நகல் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் போகட்டும். உள்துறை அமைச்சரிடம் மக்களவையில் இதையே கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள்.