சனல் பண்ணுவதா, கிளினிக் திகதிக்குக் காத்திருப்பதா?

அன்புள்ள அண்ணா,

என் மகனுக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும். ஒன்றரை வயதில் ‘தண்ணி’, ‘பூனை’ என்று ஏழெட்டுச் சொல் சொன்னவன், இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிரிட்ஜ் கதவில் வைக்கிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை. கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. டிவியில் சோப் விளம்பரப் பாட்டு வந்தால் மட்டும் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான். “தகப்பனும் மூன்று வயதில்தான் கதைச்சவன்” என்கிறார் மாமி. மிட்வைஃப் மிஸ் கடிதம் தந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். திகதி கிடைத்திருக்கிறது, ஆனால் இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. லண்டனில் இருக்கும் அக்கா, பிரைவேட்டில் காட்டி, ஆட்டிசமா என்று பார்க்கும் ‘ஏடோஸ்’ டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேள் என்கிறார். கணவர் கத்தாரில். கொழும்பில் காட்டக் காசு அனுப்புகிறேன் என்கிறார். போகலாமா?

பெயர் வேண்டாம், திருகோணமலை

தங்கச்சி,

நான் வைத்தியர் இல்லை. உறவுக்காரப் பிள்ளை ஒருவனுக்காகக் கூட அலைந்தவன் என்ற அளவில்தான் எழுதுகிறேன்.

மாமி சொல்வது பொய்யில்லை. பிந்திப் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் மகன் விஷயம் வேறு, அவன் பேசிய சொற்களை விட்டிருக்கிறான். வந்த சொல் போய்விட்டால் எந்த வயதிலும் பொறுத்துப் பார்க்கக் கூடாது. அதனால் போங்கள். ஆனால் பெரியாஸ்பத்திரித் திகதியை விட்டுவிடாதீர்கள். பிரைவேட்டில் காட்டியாயிற்று என்று கிளினிக்கை நிறுத்தியவர்கள், பேச்சுச் சிகிச்சைக்கு வாராவாரம் காசு கட்ட முடியாமல் திரும்பவும் வரிசையின் கடைசியில் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டிசமா இல்லையா என்று எழுதி வாங்குவது ஒருமுறைச் செலவு. அதன் பிறகுதான் வருடக்கணக்கான வேலை. அது அரச ஆஸ்பத்திரியில் இலவசம்.

சனல் பண்ணினால், அதாவது தனியாரில் காசு கட்டிப் பதிந்தால், திகதி முந்திக் கிடைக்கும். பார்க்கிற நேரமும் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பகலில் அரச ஆஸ்பத்திரியில் பார்க்கிற அதே நிபுணர்தான் பல இடங்களில் பின்னேரம் தனியாரில் இருக்கிறார், வெளியே நம்பர் வரிசையாகக் காத்திருக்கும். ஆட்டிசத்தை இரத்தத்திலோ ஸ்கானிலோ கண்டுபிடிக்க முடியாது. பிள்ளை விளையாடுவதைப் பார்க்கவேண்டும், தாயிடம் ஆறுதலாகக் கேட்கவேண்டும். பத்து நிமிடத்தில் இது நடக்காது. பதிவு செய்யும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள்: எவ்வளவு நேரம் பார்ப்பார்கள், பேச்சுச் சிகிச்சையாளரும் இருப்பாரா, அறிக்கையை எழுத்தில் தருவார்களா, தமிழில் நடக்குமா.

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். நான் கூடப் போன பிள்ளையை வீட்டில் எல்லோரும் ‘அப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பைலில் இருந்ததோ பிறப்புச் சான்றிதழின் நீண்ட பெயர். பரிசோதித்தவர் தமிழ் தெரியாதவர், அந்தப் பெயரை அவருக்கு வந்த மாதிரி மூன்று தரம் கூப்பிட்டார். பிள்ளை திரும்பவில்லை. ‘பெயருக்குப் பதில் இல்லை’ என்று எழுதிக்கொண்டார். தாய் “அப்பு” என்றதும் கார் பொம்மையை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அவனுக்கு ஆட்டிசம் இருந்தது உண்மைதான். ஆனாலும் அந்த வரி பிழை. வீட்டுப் பெயரை உள்ளே போனதும் சொல்லுங்கள். கொழும்புக்கு முன் மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைகளிலும் விசாரியுங்கள், அங்கே தமிழில் கதைக்கலாம். கொழும்புப் பக்கம்தான் என்றால், ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த ‘அயாதி’ நிலையம் இருக்கிறது, காசு வாங்குவதில்லை. நம் ஊர்க் கோச்சி ராகமவைத் தாண்டித்தான் கோட்டைக்குப் போகிறது. இரவு ரயிலில் போய் இறங்கிய காலையே காட்ட வேண்டாம். தூக்கம் கெட்ட பிள்ளை எந்தப் பிள்ளையானாலும் முகம் பார்க்காது.

அக்கா சொன்ன ஏடோஸ், பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையோடு முக்கால் மணி, ஒரு மணி நேரம் விளையாடிக் கவனிப்பது. நல்லதுதான், ஆனால் அது இல்லாமலும் அனுபவமுள்ள நிபுணர் முடிவு சொல்லலாம். இங்கிலாந்தில் 3 மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்று வழிகாட்டி இருந்தும் பலர் வருடத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள், அதனால்தான் பிரைவேட்டுக்கு ஓடுகிறார்கள். அக்காவின் கணக்கு அந்த ஊர்க் கணக்கு.

காது கேட்டல் பரிசோதனை முடிந்துவிட்டதா? கடிதத்தில் இல்லை. சோப் பாட்டுக்கு ஓடி வருகிறானே என்று விட்டுவிடாதீர்கள், சில ஒலிகள் மட்டும் கேட்காத காதும் உண்டு. எந்த நிபுணரும் முதலில் அதைத்தான் கேட்பார். இங்கேயே செய்ய முடியுமா என்று பெரியாஸ்பத்திரியில் கேளுங்கள்.

அப்புறம், போனில் வீடியோ எடுங்கள். பிரிட்ஜ் கதவில் கையை வைப்பது, கூப்பிட்டும் திரும்பாதது, மற்றப் பிள்ளைகள் நடுவில் அவன் என்ன செய்கிறான் என்பது. 2009இல் வெளிவந்த இலங்கை ஆய்வு ஒன்றில், ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. ஆனால் தாய்மார் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் ‘எம்-சாட்’ கேள்வித்தாள் அவர்களில் பெரும்பாலானவர்களைத் தவறவிட்டது. பிறகு படங்களைக் காட்டிக் கேட்கும் முறையை உருவாக்கினார்கள். வைத்தியர் முன்னால் நாங்களும் “ஓம், ஓம், திரும்புவான்” என்று சொல்லிவிடுகிற ஆட்கள்தானே.

பேஸ்புக்கில் ஸ்டெம் செல், ஒட்சிசன் அறை, உடம்பிலிருந்து ஈயம் எடுக்கிறோம் என்று வருகிறவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஆட்டிசத்தை அவை மாற்றுவதாக நிரூபணம் இல்லை, ஈயம் எடுக்கும் மருந்து உயிருக்கே ஆபத்து.

திகதி வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். டிவியைக் குறையுங்கள் (ஆட்டிசம் டிவியால் வருவதில்லை, ஆனால் டிவி ஓடும் நேரம் அவன் உங்களோடு இருக்கும் நேரம் இல்லை). அவன் உங்கள் கையைப் பிரிட்ஜில் வைக்கும்போது உடனே திறக்காமல் அவன் உயரத்துக்குக் குனிந்து, “தண்ணி?” என்று கேட்டு, கொஞ்சம் பொறுத்து, பிறகு கொடுங்கள். சொல்லாவிட்டாலும் கொடுங்கள், தாகத்தோடு வைத்திருக்க வேண்டாம். இதை மாமிக்கும் காட்டிக்கொடுங்கள். பகலில் அவனோடு கூட நேரம் இருக்கிறவர் அவராகத்தான் இருப்பார். முடிந்தால் காட்டப் போகும்போதும் கூட்டிப் போங்கள். கேட்டல் பரிசோதனை முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.