ஆள் வந்திட்டார், பேர் இன்னும் வரல்ல

இந்த முறை வந்த கடிதங்கள்ல முக்காவாசி மறியல் (ஜெயில்), கோட்ஸ் சம்பந்தமானதுதான். காணிக் கேள்வி அனுப்பினவங்க கோவிக்காதீங்க, உங்கட அடுத்த மாசம் வரும்.

கேள்வி: செய்யாத குற்றத்துக்கு என்ட தம்பி ஏழு வருசம் உள்ள கிடந்து, அப்பீல்ல விடுதலையாகி வந்து நாலு மாசம். ராவில லைட்ட நிப்பாட்ட விடுறான் இல்ல. வேலை கேட்டுப் போனா ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல. என்ன செய்ற?
ஒரு அக்கா, களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, லைட் எரியட்டும், விடுங்க. நானும் ஒன்பது வருசம் கிடந்து அப்பீல்ல வந்தவன்தானே, உள்ள ராவு முழுக்க வெளிச்சம், வீட்டுக்கு வந்த புதுசில இருட்டில கண்ண மூட ஏலாம கிடக்க அம்மா குப்பி லாம்ப கொளுத்தி தலைமாட்டில வைப்பா, அதவிட பெரிய கூத்து என்னெண்டா கதவுக்கு முன்னால போய் சும்மா நிப்பன், யாராவது வந்து திறந்து விடுவாங்க எண்டு. நானா திறந்து பழக ஒரு மாசம் போச்சு.

இனி கடதாசிக் கதைக்கு வாறன். தீர்ப்புட உறுதிப்படுத்தின பிரதி எடுத்தீங்களா? கனபேர் எடுக்கிறதே இல்ல, ஆள் வந்தா போதும் எண்டு விட்டுருவாங்க. கேஸ் நம்பரோட அப்பீல் கோட்ஸ் பதிவாளர் கந்தோர்ல கேட்டு காசு கட்டி எடுக்கலாம். நான் என்டத சொப்பிங் பேக்கில சுத்தி சைக்கிள் கெரியர்ல வச்சுக்கொண்டுதான் திரிஞ்சன். வெல்லாவெளிப் பக்கம் ஒரு அரிசி ஆலை முதலாளி, வேலை தா எண்டு கேட்டா மூஞ்சய பாக்காம கதைச்ச மனிசன், கடதாசிய நீட்டினோண்ண இங்கிலீசில இரிக்கெண்டு ஏஎல் படிக்கிற மகள கூப்பிட்டார். அந்தப் பிள்ள கடைசிப் பக்கத்த விரல் வச்சு மெதுவா வாசிச்சிட்டு, "அப்பா, இவர விட்டுட்டாங்க, பிழை கோட்ஸ்ட பக்கமாம்" எண்டுது. ரெண்டாம் நாள் மூட்டை தூக்கப் போனன்.

கேள்வி: மகன்ட போன வருசங்களுக்கு அரசாங்கம் காசு தருமா?
ஒரு உம்மா, அக்கரைப்பற்று

பதில்: உம்மா, எழுத்தில இரிக்கு. இலங்கை 1980ல சேர்ந்த, குடிசார் அரசியல் உரிமைகள் பற்றின சர்வதேச உடன்படிக்கையில 14ஆம் உறுப்புரை 6ஆம் பிரிவு, பிழையான தீர்ப்பால தண்டனை அனுபவிச்சவருக்கு நட்டஈடு குடுக்கோணும் எண்டுது. ஆனா விடுதலையாகினோண்ண காசு தானா வீட்ட வாற மாதிரி ஏற்பாடு இஞ்ச இல்ல. பொலிஸ் அடிச்சது, சட்டமில்லாம அடைச்சது எண்டா அடிப்படை உரிமை வழக்குப் போடலாம், அதுக்கு ஒரு மாசம்தான் தவணை, அந்த ஒரு மாசத்தில எங்கட சனம் இன்னும் சாத்திரியாரிட்ட போய்க்கொண்டு இரிக்கும். பிந்தாம சட்ட உதவி ஆணைக்குழுவில ஒருக்கா கேளுங்க.

கேள்வி: வாக்குமூலத்தில கையெழுத்து வச்சா எல்லாம் முடிஞ்சுதா அண்ணன்?
வாசகர், கல்லாறு

பதில்: சாதாரண சட்டத்தில பொலிஸுக்கு குடுக்கிற குற்ற ஒப்புதல் செல்லாது. 1979ஆம் ஆண்டு 48ஆம் இலக்க பயங்கரவாதத் தடைச் சட்டம்தான் அத மாத்தினது, ஏஎஸ்பி (உதவி பொலிஸ் அத்தியட்சகர்) தரத்துக்கு குறையாத ஒருத்தர் எடுத்தா செல்லும், அத வற்புறுத்தி எடுத்ததெண்டு நிரூபிக்கிற பாரமும் எங்கட தலையிலதான். எங்கட மட்டக்களப்பு சிங்கராசா கேஸ் இப்பிடித்தான். 1993ல பிடிச்சாங்க, ஒப்புதல் சிங்களத்தில டைப் பண்ணினது, அவர் வச்சது பெருவிரல். 1995ல 50 வருசம், அப்பீல்ல 35 ஆகினது. 2004ல ஐநா மனித உரிமைக் குழு அந்த விசாரணை நியாயமில்ல எண்டு சொல்லிச்சு, 2006ல எங்கட உயர் நீதிமன்றம் அத ஏற்கல்ல. அதால வாசிக்கத் தெரியாத பாசையில உள்ள கடதாசிக்கு விரல் நீட்டுறதுக்கு முதல் லோயர கேளுங்க, வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க.

கேள்வி: இவ்வளவும் பட்டிட்டு ஏன் திரும்ப கோட்ஸ் வாசல்லயே கிடக்கிறீங்க?
மாணவி, ஏறாவூர்

பதில்: என்ட மனிசியும் இததான் கேக்கிறா! இங்கிலாந்தில பேர்மிங்ஹாம் குண்டுவெடிப்பு கேஸில 1975ல பிழையா தண்டனை குடுத்து, 1991லதான் விட்ட ஆறு பேர்ல பெடி ஹில் எண்டவர் 2001ல தன்னப்போல ஆக்களுக்கு எண்டே ஒரு அமைப்பு தொடங்கினார். அமெரிக்காவில அலபாமாவில அன்ரனி ரே ஹின்ரன், தாய்ட துவக்கும் கொலைக் கேஸில எடுத்த குண்டும் பொருந்துது எண்டு சொன்ன ஒரு பிழைக்கு 30 வருசம் உள்ள இருந்தவர், 2015ல வந்து தனக்கு வாதாடின அமைப்போடயே சேர்ந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா கதைக்கிறார். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்ல தங்கச்சி. தண்டனை குடுத்து 14 நாளைக்குள்ள அப்பீல் போடோணும், உள்ள இரிக்கிறவர் மறியல் அதிகாரியிட்ட வாயால சொன்னாலும் காணும், இது தெரியாம வெளி வாங்கில குந்தி அழுற தாய்மாருக்கு அத சொல்றதுதான் என்ட வேலை, பிறகு பிளேன்ரீ வாங்கிக் குடுக்கிறது.

களுவாஞ்சிக்குடி தங்கச்சி, வாற செவ்வாக்கிழமை மட்டக்களப்பு கோட்ஸில ஒரு கேஸ் தவணை இரிக்கு. தம்பிக்கு விருப்பமெண்டா அனுப்புங்க, பைல் தூக்க எனக்கு ஒரு ஆள் தேவை.