ஓட்டுப் போட்டு ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் நாட்டில் மன்னர் எதற்கு? சும்மா அலங்காரத்துக்குத்தானே?

நான் மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறேன். 2022 நவம்பர் வரை யாராவது இதைக் கேட்டிருந்தால் "ஆமாம், அலங்காரம்தான்" என்று நானும் சொல்லியிருப்பேன்.

அந்த மாதம் 19ஆம் தேதி பொதுத் தேர்தல். நாடாளுமன்றத்தில் 222 இடம், ஆட்சி அமைக்க 112 வேண்டும். கூட்டணிகளில் பக்காத்தான் ஹராப்பானுக்கு 82, பெரிக்காத்தான் நேஷனலுக்கு 73, பாரிசானுக்கு 30. யாருக்கும் எட்டவில்லை. டிக்டாக்கில் "மே 13" என்று மிரட்டும் வீடியோக்கள் வேறு சுற்ற ஆரம்பித்தன. 1969 இனக்கலவரம் தொடங்கிய நாள் அது. என் அப்பா அந்தக் கலவரத்தைப் பள்ளிக்கூடப் பையனாகப் பார்த்தவர். "வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்கு வா" என்று தினமும் போன் பண்ணினார். மாமாக் டீக்கடையில் தே தாரேக் டீ ஆறிப்போய்க் கிடக்கும். டிவியில் இஸ்தானா நெகாரா (மாமன்னரின் அரண்மனை) வாசலைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள், எந்தக் கார் உள்ளே போகிறது என்று எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்போதைய மாமன்னர் பகாங் சுல்தான் அப்துல்லா. (இங்கே மன்னர் பதவியும் சுழற்சி முறைதான். ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.) அவர் பக்காத்தான் தலைவர் அன்வாரையும் பெரிக்காத்தான் தலைவர் முகிதினையும் கூப்பிட்டு, சேர்ந்து ஆட்சி அமைக்க முடியுமா என்று கேட்டார். முகிதின் மறுத்துவிட்டார். அப்புறம் பாரிசான்காரர்களை அழைத்துப் பேசினார். 24ஆம் தேதி மற்ற ஆட்சியாளர்களோடு கலந்து பேசிவிட்டு அன்வாரைப் பிரதமராக நியமித்தார். அன்று மாலையே பதவியேற்பு. டிசம்பர் 19 அன்று நாடாளுமன்றமும் நம்பிக்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது.

பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தாம் கருதும் எம்பியை மாமன்னர் பிரதமராக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 43ஆம் பிரிவு. அவருடைய உண்மையான பலம் அந்தத் 'தாம் கருதும்' என்பதில்தான் இருக்கிறது. மற்றபடி பெரும்பாலும் அமைச்சரவை சொல்வதன்படிதான் நடக்கவேண்டும். மசோதாவுக்கு 30 நாளில் ஒப்புதல் தராவிட்டால்கூட அது சட்டமாகிவிடும்.

இந்திய நண்பர்கள் "இதை ஆளுநரே செய்வாரே" என்பார்கள். செய்வார், ஆனால் அவரை அனுப்பிவைத்தது டெல்லி ஆட்சி என்ற சந்தேகம் கூடவே வரும். மாமன்னருக்கு எந்தக் கட்சியும் வேலை போட்டுத் தரவில்லை.

அதற்காக நான் மன்னராட்சி ரசிகன் ஆகிவிடவில்லை. பேராக் மாநிலத்தில் 2009இல் ஆளும் கூட்டணியின் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சியை விட்டு விலகினார்கள். சட்டமன்றத்தைக் கலையுங்கள், மறுபடி மக்களிடம் போகிறேன் என்று மந்திரி பெசார் (மாநில முதல்வர்) நிசார், பேராக் சுல்தானிடம் கேட்டார். சுல்தான் மறுத்து, அவரையே பதவி விலகச் சொன்னார். சட்டமன்றத்தில் ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை. பாரிசானின் சாம்ப்ரி மந்திரி பெசார் ஆனார், அது செல்லும் என்று அடுத்த ஆண்டு நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எம்பி தப்பு செய்தால் அடுத்த தேர்தலில் கவிழ்க்கலாம். அரண்மனை எடுத்த முடிவைக் கொஞ்சம் காரமாக விமர்சித்தாலே தேச நிந்தனைச் சட்டத்தை நினைத்து நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போதே இரண்டு வாக்கியங்களை அழித்துவிட்டேன்.

அப்பாவிடம் பேராக் கதையை எடுத்தால், "2022ல கலவரம் வரலைல்ல, அது போதாதா?" என்கிறார். பேராக் தலைநகர் ஈப்போவில் இருக்கும் சித்தப்பா, நிசாரின் கூட்டணி ஆட்சிக்கு வந்த 2008 தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர். அவர் முன்னால் அப்பா இதைச் சொல்லமாட்டார்.